சட்டக் கட்டுரைப் போட்டியும் மன்னார்க் கடலும்

சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பொதுமக்களின் மனக்கண்முன் தோன்றுபவர் மூவர். கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர் ஒருவர். உயர்ந்த ஆசனத்தில் வீற்றிருக்கும் நீதிபதி ஒருவர். கூண்டிலே தலைகுனிந்து நிற்கும் எதிரி ஒருவர். இம்மூவரும் ஓரிடத்திற் கூடுவதற்கு முன்னரே தம் வேலையை முடித்துவிட்டுப் போன நாலாமவர் ஒருவர் உண்டு. சட்டத்தின் வாசகத்தை எழுதியவரே அவர். அவர் இட்ட ஒரு சொல்லினால் ஒருவன் விடுதலை பெறுகிறான். அவர் இட மறந்த ஒரு சொல்லினால் ஓர் ஊரே அல்லற்படுகிறது. ஆயினும் அவரைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை.

சட்டம் எழுதுவது பாராளுமன்றத்திற்கும் சட்டவரைஞர் திணைக்களத்திற்கும் மட்டுமே உரிய தொழில் என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. முடிவில் சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சட்டத்தின் கரு எங்கே தோன்றுகிறது? பெரும்பாலும் அது ஒரு குறையை நேரிற் கண்டவர்களின் உள்ளத்திலேதான் தோன்றுகிறது. அந்தக் கருவை ஒழுங்கான எழுத்தாக்கும் பயிற்சியைச் சட்ட மாணவர்களுக்கும் ஏனைய இளைஞர்களுக்கும் அளிப்பதற்காகப் பல நாடுகளிலே சட்டக் கட்டுரைப் போட்டிகள் நடத்தப்பட்டு வருகின்றன. சமூகத்தில் உள்ள ஒரு துன்பத்தை எடுத்துக்காட்டி, அதற்குச் சட்ட வழியில் புதிய பரிகாரம் ஒன்றைக் கூறுமாறு அவை கேட்கின்றன.

இத்தகைய போட்டியில் எழுதப்படும் கட்டுரை சாதாரணக் கட்டுரையினின்றும் வேறுபட்டது. "மதுவின் தீமை" என்றோ "ஒற்றுமையின் உயர்வு" என்றோ எழுதுபவர் நல்லதைப் புகழ்ந்து தீயதை இகழ்ந்து முடித்துவிடலாம். சட்டக் கட்டுரை எழுதுபவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவர் ஐந்து வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். துன்பம் யாது, அதனால் வருந்துவோர் யாவர் என்பது முதலாவது. இன்றுள்ள சட்டம் அதைப்பற்றி என்ன கூறுகிறது என்பது இரண்டாவது. அச்சட்டம் எந்த இடத்தில், எக்காரணத்தால் பயனற்றுப் போகிறது என்பது மூன்றாவது. புதிதாக இடவேண்டிய வாசகம் யாது என்பது நாலாவது. அவ்வாசகத்தை நடைமுறைப்படுத்தப் போகிறவர் யார், அவரால் அது இயலுமா என்பது ஐந்தாவது. முதல் நான்குக்கும் அழகாக விடையெழுதிப் பரிசு பெற்றவர்கள் பலர். ஐந்தாவது வினாவிலேதான் பெரும்பாலான யோசனைகள் தடுக்கி விழுகின்றன.

கட்டுரைப் போட்டி ஒன்று உலகத்தின் போக்கையே மாற்றியமைக்கக் கூடுமா என்று சிலர் வினவலாம். மாற்றியதுண்டு. 1785ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழிக் கட்டுரைப் போட்டி ஒன்று நடைபெற்றது. துணைவேந்தராக இருந்த பீட்டர் பெக்கார்ட் என்பவர் அதற்குக் கொடுத்த தலைப்பு, மனிதரை அவர்தம் விருப்பத்திற்கு மாறாக அடிமைப்படுத்துதல் முறையாகுமா என்பதாகும். தாமஸ் கிளாக்சன் என்னும் 25 வயது இளைஞர் அப்போட்டியில் முதற்பரிசு பெற்றார். அவர் அடிமை வியாபாரத்தைப் பற்றி முன்பு பெரிதாக அறிந்தவரல்லர். பரிசுபெறும் நோக்கத்துடன் நூல்களையும் சாட்சியங்களையும் ஆராயப் புகுந்தவர், அவற்றிற் கண்ட உண்மைகளால் உறக்கம் இழந்தார். பரிசைப் பெற்றுக்கொண்டு இலண்டனுக்குச் செல்லும் வழியில், அந்தக் கட்டுரையிற் கூறியவை உண்மையானால் இக்கொடுமைக்கு யாரேனும் ஒருவர் முடிவுகட்ட வேண்டுமே என்னும் எண்ணம் அவரை ஆட்கொண்டது.

அதன்பின் அவர் செய்ததுதான் நாம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. 1786இல் தம் கட்டுரையை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 1787இல் பன்னிருவர் சேர்ந்து அமைத்த குழுவில் ஒருவரானார். பிரிஸ்டல், லிவர்பூல் முதலிய துறைமுகங்களுக்குச் சென்று மாலுமிகளைச் சந்தித்தார். விலங்குகளையும் ஏனைய கருவிகளையும் விலைக்கு வாங்கிச் சான்றாக வைத்தார். 1788இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கப்பலின் கொள்ளளவுக்கு ஏற்ப இத்தனை அடிமைகளுக்கு மேல் ஏற்றலாகாது என்று வரையறை விதித்தது. வியாபாரத்தை அது நிறுத்தவில்லை. எனினும் எண்ணிப் பார்க்கக் கூடிய ஓர் அளவைச் சட்டத்துக்குள் முதன்முறையாகக் கொண்டுவந்தது. 1807இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. கட்டுரைக்கும் சட்டத்துக்கும் இடையே 22 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த அலை இலங்கைக் கரையையும் வந்து தொட்டது. பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஆகஸ்டு 12ஆந் திகதி முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராகவே கருதப்படுவர் என உடைமையாளர் பலர் உடன்பட்டனர். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது.

பிரான்சு தேசத்திலும் இதுபோன்றதொரு நிகழ்ச்சி உண்டு. குற்றவாளி ஒருவன் பெற்ற தண்டனையின் இழிவு அவன் குடும்பத்தார் அனைவரையும் பற்றுவது ஏன் என்னும் பொருளில் மெற்ஸ் நகரத்துக் கல்விக் கழகம் 1784இல் பரிசுக் கட்டுரைகளை வரவேற்றது. பரிசு பெற்றோருள் ஒருவர், பிற்காலத்திற் பிரெஞ்சுப் புரட்சியில் பெயர் பெற்ற ரொபேஸ்பியர். அப்பொழுது அவர் இளம் வழக்கறிஞர். 1790 சனவரியில் பிரெஞ்சுத் தேசிய சபை, ஒருவனுடைய குற்றம் அவன் குடும்பத்துக்கு இழிவாகாது என்று பிரகடனஞ் செய்தது. தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர்களின் தகைமையும் இங்கே போற்றற்குரியது. ஊரார் அனைவரும் அறிந்திருந்தும் வாய்திறவாதிருந்த ஒரு கொடுமையை அவர்கள் பரிசுக்குரிய பொருளாக்கினர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைச் சட்டக் கல்லூரி 1874 முதல் இயங்கி வருவது. அங்குள்ள தமிழ் மன்றத்தினர் வெளியிடும் "நீதிமுரசு" என்னும் மலர், சட்டப் பொருள்களைத் தமிழில் எழுதும் மாணவர்க்குக் களமாக இருந்து வந்திருக்கிறது. இத்தகைய மாணவர் ஒருவர் மன்னார்க் கரையிலிருந்து எழுதப் புகுந்தால் அவருக்குப் பொருள் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. கண்ணுக்கெதிரே கடல் விரிந்து கிடக்கிறது. அந்தக் கடலிலேயே சட்டம் வெற்றி பெற்றதற்கும், தளர்ந்ததற்கும், இன்னும் முடியாத வழக்காகக் கிடப்பதற்கும் உதாரணங்கள் உள்ளன.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமுள்ள ஒடுங்கிய நிலப்பரப்பு. வடக்கே ஆழங்குறைந்த பாக்குக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. மேற்கு முனையாகிய தலைமன்னாரிலிருந்து மணற்றிட்டுக்களின் தொடராகிய இராமர் அணை தனுஷ்கோடியை நோக்கி நீள்கிறது. 1914 முதல் 1964 வரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தபின் அப்பாதை நின்றுபோயிற்று. தீவிலே பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு முதலிய ஊர்களும், பெருநிலக் கரையிலே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, விடத்தல்தீவு முதலிய ஊர்களும் கடலை நம்பி வாழ்பவை.

முதலில் முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்வோம். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு எதிரே உள்ள முத்துப்பார்கள் பண்டைக்காலந் தொட்டுப் புகழ் வாய்ந்தவை. பிரித்தானிய ஆட்சியின் முதல் ஆள்பதியாகிய பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிப்பதற்காக அரிப்பிலே கட்டிய மாளிகையின் சிதைவுகள் இன்றும் கடலோரத்தில் நிற்கின்றன. முத்துச்சலாபம் ஒன்று கூடினால் கீழக்கரை, தூத்துக்குடி, மலையாளம், அரபு நாடு ஆகிய இடங்களிலிருந்து சுழியோடிகளும் வணிகரும் ஆயிரக்கணக்கில் வந்து குழுமுவர். வெறும் மணல்வெளி சில வாரங்களுக்குப் பெரும் பட்டினமாகும். 1905இல் நடைபெற்ற முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன.

அத்தனை சிப்பிகளையும் அரசாங்கத்துக்கும் சுழியோடிகளுக்கும் இடையே பங்கிடுவது எங்ஙனம்? சிப்பிக்குள் முத்து இருக்கிறதா இல்லையா என்பது திறக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. எண்ணிக்கையிற் களவும், பங்கீட்டிற் பூசலும் நிகழ்வதற்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. பல மொழி பேசும் பல்லாயிரவரைக் காவலிட்டு அடக்க அங்கிருந்த உத்தியோகத்தரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய முறை இதற்கு மிக எளிதான விடையைக் கண்டிருந்தது. கரைக்கு வந்த சிப்பிகளைக் "கொட்டு" எனப்படும் வேலியடைத்த முற்றத்திற்குள் கொண்டுசென்று, படகுக்காரரே அவற்றை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அவற்றுள் எவ்விரண்டு அரசாங்கத்துக்கு உரியன என்பதை உத்தியோகத்தர் சுட்டிக்காட்டுவார். எஞ்சிய ஒன்று சுழியோடிகளின் பங்கு. 1906இல் மரிச்சுக்கட்டியில் இக்கடமையைச் செய்தவர்களுள், பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்பும் ஒருவர்.

இவ்விதியின் நுட்பத்தைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். பிரிப்பவனுக்குத் தனக்கு எந்தக் குவியல் கிடைக்கும் என்பது தெரியாது. ஆகவே ஒரு குவியலைப் பெரிதாக்கினால் அது பறிபோகக் கூடும். சிறிதாக்கினால் அதுவே தன் தலையில் விழக் கூடும். சமமாகப் பிரிப்பதே அவனுக்கு இலாபம். அங்கே பொலிசு வேண்டியதில்லை, தராசு வேண்டியதில்லை, மேன்முறையீடும் வேண்டியதில்லை. விதிதானே தனக்குக் காவலாக நிற்கிறது. வீட்டிலே இரு பிள்ளைகளுக்குப் பணியாரம் பகிரும் தாய், ஒருவனை வெட்டச் சொல்லி மற்றவனை எடுக்கச் சொல்வதும் இதே தத்துவம் பற்றியே. நடைமுறைப்படுத்தப் போகிறவர் யார் என்னும் ஐந்தாவது வினாவுக்கு இவ்விதியை எழுதியவர் விடைகண்டிருந்தார்.

குளிப்புக்கு முன்னரும் ஓர் ஒழுங்கு இருந்தது. பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துக் கழுவி, முத்துக்களை வணிகரைக் கொண்டு மதிப்பிட்டு, பயன் உண்டு எனக் கண்ட ஆண்டிலேயே வர்த்தமானியில் அறிவித்தல் வெளியிடுவர். மற்றைய ஆண்டுகளில் பார்கள் ஓய்வு பெற்றன. 1906இல் அரசாங்கம் முத்துப்பார்களைத் தனியார் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாக, ஆண்டுக்கு 310,000 ரூபாய் என்னும் கணக்கில் ஒப்படைத்தது. 1907க்குப் பின் குத்தகைக் காலத்திற் பயன்தரும் முத்துக்குளிப்பு நிகழவில்லை. கம்பனியும் தன் கருமத்தை முடித்துக்கொண்டது. பணத்தின் அளவைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதிவிடலாம். சிப்பி எந்த ஆண்டில் விளையும் என்பதை எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாது. சட்டம் எழுதுபவர் இயற்கையையும் ஒரு தரப்பினராகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

முத்துக்குளிப்பு இன்று பழங்கதையாகிவிட்டது. இப்பொழுது மன்னார்க் கரையின் தீராத கவலை இழுவை மடித் தொழில் பற்றியது. கனத்த பலகைகளாலும் சங்கிலியாலும் வாய் விரிக்கப்பட்ட பை போன்ற வலையை இயந்திரப் படகு கடலின் அடித்தரையோடு இழுத்துச் செல்லுகிறது. பெரிய மீன், சிறிய மீன், இறால், குஞ்சு, பாசி, சிப்பி என்ற பேதமின்றி அனைத்தும் அதற்குள் அகப்படுகின்றன. மீன்கள் முட்டையிட்டு வளரும் தாழைப் புற்படுகைகள் உழப்படுகின்றன. பாக்குக் கடல் பெரும்பாலும் 15 மீற்றருக்குக் குறைந்த ஆழமுடையதாகையால், அங்கே வலை எட்டாத இடம் என்பது அரிது.

இத்தொழில் ஒரே நாளில் வளர்ந்ததன்று. 1960களிலிருந்து இறால் ஏற்றுமதியால் வந்த பெரும் இலாபம் தமிழ்நாட்டுக் கரையிலே இயந்திர இழுவைப் படகுகளைப் பெருக்கிற்று. தம் கரையோரக் கடல் வறண்டபோது அவை கிழக்கு நோக்கி வந்தன. 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் கடலிலே எல்லைக் கோடு வகுத்தன. ஆயினும் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே இலங்கையின் வடபுலத்து மீனவர் கடலுக்குச் செல்வதே பெரிதும் தடுக்கப்பட்டிருந்தது. ஆளில்லாத வயலிற் பிறர் அறுவடை செய்வது போல் அக்கடல் பிறர் கைக்குப் போயிற்று. போர் முடிந்து, கடன் வாங்கிச் சிறு கண்ணாடியிழைப் படகும் வழிவலையும் நண்டுவலையும் தேடிக்கொண்டு கடலில் இறங்கிய மன்னார் மீனவன், இரவில் விரித்த வலையை விடியலிற் காணாமல் தவித்தான். இழுவைப் படகு ஒன்று அதன் மேலாகச் சென்றால், பல மாத உழைப்பின் விலை சில நிமிடங்களில் அறுந்துபோகும். நண்டு துப்புரவு செய்யும் பெண்களின் கூலியும், மீன் ஏலக்காரரின் வியாபாரமும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அந்த வலையோடு கட்டுண்டவை.

இத்துன்பத்துக்குச் சட்டம் என்ன விடை கூறிற்று? இலங்கையின் கடற்றொழில், நீர்வள மூலங்கள் சட்டம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கமுடையது. அனுமதிப்பத்திரம், தடைசெய்யப்பட்ட கருவிகள் முதலியன பற்றி அது பேசிற்று. ஆனால் அடித்தரை இழுவைத் தொழிலை முற்றாகக் குற்றமாக்கும் தெளிவான பிரிவு அதில் இருக்கவில்லை. வழக்கறிஞரும் அக்காலத்து யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருமாகிய எம். ஏ. சுமந்திரன் 2015இல் தனி உறுப்பினர் சட்டமூலமாக இத்தடையை முன்மொழிந்தார். பின்னர் அக்கருத்து ஏற்கப்பட்டு, 2017 யூலை 6ஆந் திகதி பாராளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதுவே. அடித்தரை இழுவைத் தொழில் செய்வோர்க்கு இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய்த் தண்டமும் விதிக்க அது இடமளித்தது. வேற்றுநாட்டுப் படகுகள் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டமும் 2018இல் திருத்தப்பட்டு, தண்டப்பணம் பன்மடங்கு உயர்த்தப்பட்டது.

ஒரு வழக்கறிஞரின் மேசையிலே பிறந்த சில வரிகள் நாட்டின் சட்டமாயின என்ற அளவில் இது சிறப்பான வெற்றியே. ஆனால் ஐந்தாவது வினா இங்கேயும் காத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது யார்? நள்ளிரவிலே, எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாத கடலிலே, கடற்படையினர் படகுகளைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிடிபடுபவர் பெரும்பாலும் நாட்கூலிக்கு அல்லது பங்குக்கு வேலை செய்யும் ஏழைத் தொழிலாளர். படகின் உரிமையாளர் கரையிலே இருக்கிறார். மறியலில் இருப்பவனின் மனைவி இராமேசுவரத்திலே கண்ணீர் வடிக்கிறாள். வலையிழந்தவனின் மனைவி பேசாலையிலே கண்ணீர் வடிக்கிறாள். இருவரும் பேசும் மொழி ஒன்றே.

உள்ளூரிலும் சிக்கல் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் மன்னார்ப் பேசாலையிலும் இழுவைப் படகு வைத்துத் தொழில் செய்தோர் இருந்தனர். தடை வந்தவுடன் அவர்களும் குற்றவாளிகளாகிவிடுவர். படகுக்குப் பட்ட கடன் அப்படியே இருக்க, வேறு தொழிலுக்கு மாறுவதற்கு உதவி எங்கே என்று அவர்கள் கேட்டால் அதற்கும் விடை வேண்டும். ஒரு தொழிலைத் தடுக்கும் சட்டம், அத்தொழிலை விட்டு வெளியேறுவதற்கு ஒரு வாயிலையும் திறந்துவைத்தல் வேண்டும். இன்றேல் தடைக்கு உள்ளானவன் இரவிலே திருட்டுத்தனமாகத் தொழில் செய்வான். அவன் நிலையை எண்ணி உத்தியோகத்தரும் கண்ணை மூடிக்கொள்வர்.

கட்டுரைப் போட்டியின் பயன் இத்தகைய இடத்திலேதான் விளங்குகிறது. தடைசெய்க என்று எழுதுவது எளிது. தடைசெய்தபின் நிகழ்வன யாவை என்று ஒவ்வொரு படியாக எண்ணிப் பார்ப்பதே அரிது. மன்னார் மாணவர் ஒருவர் இப்பொருள்பற்றி எழுதுவாரானால் அவர் ஆராயத்தக்க வழிகள் பல உள.

குற்றத்தை நடுக்கடலிற் பிடிப்பதைவிடத் துறைமுகத்திற் பிடிப்பது எளிதன்றோ? தொழிலைச் செய்தார் என்று நிரூபிப்பதைவிட, தடைசெய்யப்பட்ட பலகையும் வலையும் படகில் இருந்தன என்று நிரூபிப்பது எளிது. கரையிலே இருக்கும் படகுச் சொந்தக்காரரைப் பொறுப்பாளியாக்கும் வாசகம் எங்ஙனம் அமைய வேண்டும்? இறால் வாங்கி ஏற்றுமதி செய்பவரிடம், அது எந்தக் கருவியாற் பிடிக்கப்பட்டது என்பதற்குச் சான்று கேட்கலாமா? இவ்வாறு கேட்டுக்கொண்டே போனால், சட்டத்தின் பாரம் கூலித் தொழிலாளியின் தோளிலிருந்து இலாபம் பெறுபவரின் தோளுக்கு மாறும் வழி புலப்படும்.

அயற்கரையின் அனுபவமும் உதவக்கூடும். தமிழ்நாட்டின் பாக்குக் கடற்கரை மாவட்டங்களிலே இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப் படகுகள் நான்கு நாட்களும் கடலுக்குச் செல்லும் ஒழுங்கு ஒன்று உண்டு. ஒரே நாளில் இருவரும் சென்று மோதிக்கொள்ளாதிருக்கக் கண்ட வழி இது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை அண்டிய கடலில் இயந்திரப் படகுகள் தொழில் செய்வதைத் தடுக்கிறது. 2017இல் இந்தியா, இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்கு மாறுவோர்க்கு மானியம் வழங்கும் திட்டத்தைத் தொடக்கிவைத்தது. வெளியேறும் வாயில் என்று மேலே கூறியதற்கு அது ஓர் உதாரணம். அத்திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் நடைபெறாமைக்குக் காரணம் யாது என்பதும் நல்லதொரு கட்டுரைப் பொருளே. பாக்குக் கடலின் ஆழமற்ற நீரிலே பழகியவன் பெருங்கடலுக்குப் போக அஞ்சுவான். பெரும்படகுக்கு அவன் பங்காகச் செலுத்த வேண்டிய தொகையும் பெரிது. மானியத்தின் அளவை மட்டும் எழுதி, அதைப் பெறுபவனின் அச்சத்தை எழுதாது விட்டால் திட்டம் தளரும்.

சட்டம் மேலிருந்து மட்டும் வரவேண்டும் என்னும் நியதியும் இல்லை. 2004, 2010 ஆகிய ஆண்டுகளில் இரு கரை மீனவரின் பிரதிநிதிகள் நேரிற் கூடிப் பேசினர். இழுவைத் தொழில் தீங்கானது என்பதையும் அது படிப்படியாக நீங்க வேண்டும் என்பதையும் தமிழ்நாட்டு மீனவர் தரப்பினரே ஒப்புக்கொண்டு கால அவகாசம் கோரினர். அந்த உடன்பாட்டுக்குச் சட்ட வலு இருக்கவில்லை. தவறினால் கேட்பார் இல்லை. இரு நாட்டு அரசாங்கங்களும் 2016இல் அமைத்த கூட்டுச் செயற்குழு அதிகாரிகளைக் கொண்டது. மீனவர் தாமே செய்த உடன்பாட்டை அரசாங்கங்கள் உறுதிப்படுத்தும் முறை ஒன்றை வகுத்தால் என்ன என்று கேட்கும் கட்டுரை, முத்துக்குளிப்பின் மூன்று குவியல் விதிக்குச் சற்று நெருங்கி வருகிறது. தாமே பங்குகொண்டு வகுத்த விதியை மக்கள் எளிதில் மீறுவதில்லை.

இனி, மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை மீனவன் தானே வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும். நமது முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்து வழமைகளைக் கிளாஸ் ஐசாக்சு என்னும் உத்தியோகத்தர் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்து முடித்தபோது, அத்தொகுப்பைத் தமிழில் மொழிபெயர்த்துப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்து, அது சரியே என்று அவர்கள் ஒப்பிய பின்னரே ஏற்றனர். தேசவழமை என்பது அதுவே. மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றத் தீர்ப்புக்களின் சாரத்தை 1862இல் "சித்தாந்த சங்கிரகம்" என்னும் பெயரால் தமிழில் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத மக்களும் தம்மைப் பற்றிய சட்டத்தை அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். இலங்கை அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கிலே நீதிமன்ற மொழி தமிழாகும். சட்டங்களும் தமிழில் வெளிவருகின்றன. ஆயினும் மொழிபெயர்ப்பின் கடுமையால் அவற்றை வாசிப்போர் சிலரே. தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே எழுதப்படும் சட்டக் கட்டுரைகள் பெருகினால், தெளிவான சட்டத் தமிழ் தானே உருவாகும்.

போட்டியை நடத்துவோர்க்கும் கடமைகள் உண்டு. எழுதியவரின் பெயரறியாமல் கட்டுரைகளை மதிப்பிடுதல் முதற்கடமை. நடுவர்களுள் சட்டம் கற்றவரோடு, அந்தத் துறையில் உழைக்கும் ஒருவரையும் சேர்ப்பது இரண்டாவது கடமை. மீன்பிடிச் சட்டம் பற்றிய யோசனையை ஒரு படகோட்டி ஐந்து நிமிடத்திற் சோதித்துவிடுவார், "காற்றுக் காலத்தில் இது நடக்குமா?" என்ற ஒரு கேள்வியே போதும். பரிசு பெற்ற கட்டுரைகளை அச்சிட்டு உரிய அமைச்சுக்கும், பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அனுப்புவது மூன்றாவது கடமை. பரிசளிப்பு விழாவோடு அலுமாரிக்குள் உறங்கும் கட்டுரையால் எவருக்கும் பயனில்லை.

மன்னார்க் கரையிலுள்ள பள்ளிகளிற் படிக்கும் பிள்ளைகள் பலர் வலை பின்னும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். எந்த மீன் எந்த மாதத்தில் கரைக்கு வரும், எந்த வலை எந்தக் கண்ணளவுக்கு மேற்பட்டால் குஞ்சு தப்பும், எந்தத் திசையில் நின்று வெளிச்சம் வந்தால் வலையைக் காக்க ஓட வேண்டும் என்பவற்றை அவர்கள் பாடநூலில் கற்கவில்லை. சட்டம் எழுதுபவருக்கு மிகவும் தேவையான அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்திச் சொல்லும் முறையைக் கற்பிப்பதே ஆசிரியரும் போட்டி நடத்துவோரும் செய்ய வேண்டிய பணி. ஒரு குறையைக் கூறும்போது அதற்குரிய சட்டப் பிரிவையும் தேடு. ஒரு பிரிவை மாற்றச் சொல்லும்போது மாற்று வாசகத்தையும் எழுது. வாசகத்தை எழுதியபின் அதைக் கையில் ஏந்தி இரவிலே கடலுக்குப் போக வேண்டியவன் யார் என்று கேள். இம்மூன்றையும் பழகிய மாணவர் ஆண்டுக்கு ஒருவர் இக்கரையிலிருந்து தோன்றினாலும், வலை அறுந்த செய்தியை மட்டும் கேட்டுவந்த கொழும்பு நகரம் வலையைக் காக்கும் வாசகத்தையும் இங்கிருந்தே பெற்றுக்கொள்ளும்.